ஹாம்பர்க்குக்கு ஒரு மணி நேரம் கம்மி

போன வாரம் என் மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் மேல் கட்டத்தில் கோயமுத்தூர், கீழ்க் கட்டத்தில் டொரண்டோ. அடித்த அடுத்த நொடி பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று வந்து நின்றது. நேராகப் பறந்தால் எவ்வளவு நேரம், அங்கே இப்போது மணி என்ன, எல்லாம் கூடவே வந்தன. இரண்டு ஊருக்கும் நடுவே வளைவாக ஒரு நீலக்கோடு வேறு. அவள் வேலை பார்க்கும் கம்பெனி மூன்று மாதத்துக்கு அவளை அங்கே அனுப்புகிறது. அடுத்த மாதம் கிளம்புகிறாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு வயிறு எரிந்தது. முதலில் அந்தப் போன் மேல். ஒரு காலத்தில் அது பார்க்கிற வேலையை நான் பார்த்தேன், அதற்காக ஒரு ஆபீஸே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் அவள் மேலேயே. பெற்ற பெண் மேல் பொறாமைப்படுகிற அம்மாவை நீங்கள் பார்த்ததில்லை என்றால் வீரபாண்டிக்கு வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன், பார்த்துவிட்டுப் போகலாம்.

"ஹாம்பர்க் போட்டுப் பாரு கண்ணு" என்றேன்.

"அங்க யாரும்மா இருக்காங்க?"

"யாருமில்ல. சும்மா போடு."

ஏழாயிரத்து ஐந்நூறும் கொஞ்சமும் என்று வந்தது. சரிதான். நான் நூல் வைத்து அளந்ததும் கிட்டத்தட்ட அதேதான். முதல் தடவை அளந்தது இல்லை, இரண்டாம் தடவை அளந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கெங்கோ போகும். பரவாயில்லை, உங்களுக்கும் அவசரம் இல்லைதானே.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இங்கே திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பெயர்தான் பெரிசு. வெளிநாட்டில் துணி வாங்குகிறவரை நாங்கள் பையர் என்போம். அவர் அனுப்புகிற குறிப்பைப் படிக்கணும், அதன்படி சாம்பிள் தைக்கச் சொல்லணும், தைத்ததை அனுப்பணும், அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளணும். அதுதான் வேலை. கீழே தையல் மெஷின்கள், மாடியில் நாங்கள். அயர்ன் டேபிளின் ஆவி படி வழியாக ஏறி வரும். ஈரத்துணி சூடேறுகிற அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால் நான் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பேன். அந்த ஆபீஸ் சுவரில் மூன்று கடிகாரம் இருந்தது.

ஒன்றின் கீழே திருப்பூர், அடுத்ததில் ஹாம்பர்க், மூன்றாவதில் நியூயார்க் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்போம். ஹாம்பர்க் பையரின் ஃபைல் என்னிடம். நியூயார்க் பையரின் ஃபைல் ஜெசிந்தாவிடம். ஆனால் மூன்று கடிகாரமும் என் பொறுப்பு. பேட்டரி மாற்றுவது, தூசு துடைப்பது, மணி சரி பார்ப்பது எல்லாம் நானே. "ஏனுங்க, இப்ப அங்க எந்திரிச்சிருப்பாங்களா?" என்று எங்கள் முதலாளி அவர் ரூமிலிருந்து குரல் கொடுப்பார். கண்ணெதிரே கடிகாரம் இருந்தாலும் என்னிடம் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. "இப்பத்தான் பல்லு வெளக்கிட்டிருப்பாங்க, ஒரு மணி நேரம் பொறுத்துப் பண்ணுங்க" என்பேன்.

சாம்பிள் பார்சல் போகும்போது இன்னும் கூத்து. பறந்துகொண்டிருக்கும் பார்சல் இந்நேரம் எங்கே இருக்கும் என்று நான் சொல்வேன். "துபாய் தாண்டியிருக்குமுங்க." "இன்னைக்கு ஃபிராங்ஃபர்ட்ல எறங்கியிருக்குமுங்க." பாதி கணக்கு, பாதி அடித்துவிடுவது. எங்கள் ஊரில் சரக்கு கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் போக நேர்ந்தால் 'ஏர் ஆயிருச்சு' என்பார்கள், யாரோ செத்துப்போன மாதிரி. செலவை நினைத்து முதலாளி முகம் தொங்கிவிடும். எனக்கு மட்டும் அந்த அட்டைப்பெட்டிகளைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். என் கையால் லேபிள் ஒட்டின ஜட்டியும் பனியனும் பறக்குது, நான் ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று நினைப்பேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே நினைத்திருக்கிறேன்.

ஜெசிந்தா உடன்குடிப் பக்கத்துக்காரி. அவள் குடும்பமே பனியன் வேலைக்கென்று இங்கே வந்தது. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் கருப்பட்டி கொண்டுவருவாள். அவள் பேக்கைத் திறந்தாலே அந்த வாசனைதான். அதை உடைத்து டீயில் போட்டு, "குடிட்டி, ஒங்க ஊரு சீனி எல்லாம் ஒரு சீனியா?" என்பாள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவோம். முதல் நாள் அவள் என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் கழித்து, அவள் லீவு போட்டால் அந்த 'ஏட்டி' கேட்காமல் நாளே ஓடாது என்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அந்த நூல் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முதலாளிக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது, கோயமுத்தூரிலிருந்து ஹாம்பர்க் நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம் என்று. ஸ்டேஷனரிக் கடையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்குகிற உலக உருண்டை ஒன்று வாங்கிவந்திருந்தோம். டேபிளில் கிடந்த நூலை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே விறைப்பாக இழுத்துப் பிடித்து, பேனாவில் குறி போட்டு, இஞ்ச் டேப்பில் வைத்துக் கணக்குப் போட்டேன். ஐயாயிரம் கிலோமீட்டர் வந்தது. போய் அறிவித்தும் விட்டேன். ஜெசிந்தா அந்த நூலை எடுத்து இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். கழுத்துப்பட்டிக்கு வைத்திருந்த லைக்ரா நூல். உருண்டை மேல் இழுத்தபோது நீண்டது, டேப்பில் வைத்ததும் சுருங்கிவிட்டது.

"ஏட்டி, ரெண்டாயிரத்தி ஐநூறு கிலோமீட்டர முழுங்கிட்டியட்டி!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முதலாளி வெளியே வந்து, "பரவால்லீங்க, பறந்து போறப்ப இழுத்துக்கும்" என்றார். கீழே தையல்காரர்கள் வரைக்கும் அந்தப் பேச்சு போய், ஒரு வாரம் நான் படியில் இறங்கினாலே யாராவது நூலை இழுத்துக் காட்டினார்கள். பருத்தி நூலில் மறுபடி அளந்தேன். அன்றையிலிருந்து கடிகாரம், தூரம், மணி என்கிற விஷயத்தில் என் வாயிலிருந்து தப்பு வரவே கூடாது என்று ஒரு வைராக்கியம். வரவும் இல்லை. நானாக வரவழைத்த ஒன்றைத் தவிர.

அந்த வருஷம் மார்ச் மாதம் ஆரம்பத்தில் முதலாளி வண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டு. அதே நேரத்தில் ஹாம்பர்க் பையர் குழந்தைகள் டீ-சர்ட் சாம்பிளைத் திருப்பிவிட்டார், கழுத்து தலைக்குள் நுழையவில்லை என்று. திருத்தின சாம்பிளோடு மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆள் நேரில் வந்து உட்காரணும், இல்லையென்றால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு என்றார். அந்த ஆர்டர் போனால் கீழே பாதி மெஷின் நிற்கும். எப்போதும் முதலாளியேதான் போவார். இந்தத் தடவை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"உங்க ஃபைலுதானுங்க, நீங்கதான் போகோணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் ஹாம்பர்க் போய்விட்டேன். அப்புறம் கேட்டார், "பாஸ்போர்ட் இருக்குதுங்களா?"

பாஸ்போர்ட் படிவம் இருந்தது. பூர்த்தி பண்ணி, போட்டோ ஒட்டி, பீரோவில் சேலைக்கு அடியில் ஒரு வருஷமாக இருந்தது. எங்கப்பா சரி என்று சொல்லவில்லை. மறுப்பு என்றும் சொல்லமுடியாது. "கண்ணாலம் ஆகட்டும் கண்ணு. அப்பறம் ஊட்டுக்காரரு பேரப் போட்டு எடுத்துக்கலாம். இப்ப ஒருக்கா, அப்ப ஒருக்கா எதுக்கு ரெண்டு வேலை?" என்று சாந்தமாகச் சொல்வார். சண்டை போடுகிற அப்பா என்றால் நானும் சண்டை போட்டிருப்பேன். ஜெசிந்தாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. அவள் அண்ணன் குவைத்தில். என்றைக்காவது கூப்பிட்டால் போகணும் என்று பத்தொன்பது வயதிலேயே எடுத்து வைத்திருந்தாள். அவர்கள் வீட்டில் ரேஷன் கார்டு மாதிரி ஆளுக்கொன்று இருந்தது. இனிமேல் புதிதாக விண்ணப்பித்தால் எனக்குக் கையில் வர மாதக்கணக்காகும். விசாவை ஏஜெண்ட் பார்த்துக்கொள்வான்.

"அப்ப ஜெசிந்தா போயிட்டு வரட்டுமுங்க. நீங்க எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துருங்க" என்றார் முதலாளி.

நான் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வாரம். கழுத்து எத்தனை சென்டிமீட்டர் விரியணும், எந்த நூல், எந்தக் கேள்வி கேட்டால் என்ன பதில், எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் மாலையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒப்பிப்பாள். "பயமா இருக்குட்டி. நீயும் வந்தா எப்படி இருக்கும்" என்பாள். அவள் நல்லவளாக இருந்ததுதான் தாங்கமுடியவில்லை. கொஞ்சம் அலட்டியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் ஸ்வெட்டர் கடன் வாங்கியபோது, பெட்டி வாங்கக் கூட்டிப்போனபோது, விசா ஒட்டின பக்கத்தை எனக்குக் காட்டியபோது, சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்தது. வீட்டுக்கு வந்து சோறு இறங்காது. அம்மா வயிற்றில் பூச்சி என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் கோயமுத்தூரிலிருந்து ஃபிளைட். பம்பாய் போய், அங்கே காத்திருந்து, ஃபிராங்ஃபர்ட், அங்கே இன்னொரு விமானம் மாறி ஹாம்பர்க். கம்பெனி வேனில் நானும் வழியனுப்பப் போனேன். அவிநாசி ரோட்டில் வேன் போய்க்கொண்டிருக்கும்போது அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"ஏட்டி, இத எப்படி மாத்தணும்? எனக்கு இந்தக் கூட்டல் கழித்தலே வராது. ஒரு சீட்டுல எழுதிக் குடு, அப்படியே செஞ்சிருதேன்."

ஒரு விஷயத்தை இங்கே உங்களுக்குச் சொல்லணும். ஜெர்மனியில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவார்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு விடியுமுன் ஊரே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளும். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம். அன்றையிலிருந்து மூன்றரை. ஆபீஸ் காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையில் நானே வட்டம் போட்டு வைத்திருந்தேன். அது மறுநாள்தான். ஜெசிந்தா வானத்தில் இருக்கும்போது மணி மாறிவிடும். அவள் இறங்குகிற ஊரில் மூன்றரைதான் கழிக்கணும்.

பேனா ஒரு நொடி நின்றது. எனக்கு எல்லாம் தெரியும். மறந்துபோய் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் உங்களிடம் அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது. 'நம்ம மணியில நாலரை மணி நேரம் கழிச்சுக்கோ' என்று எழுதினேன். இன்றைக்குச் சனிக்கிழமை, இன்றைக்கு இது சரிதானே என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். எட்டுப் பக்கம் உண்மை எழுதினவள் ஒரு வரி இப்படி எழுதினால் என்ன என்றான். ஒரு மணி நேரம் பிந்திப் போய் நிற்கட்டும், அந்தப் பையர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டட்டும், 'அவங்களே வந்திருக்கலாம்' என்று முதலாளி ஒரு தடவை சொல்லட்டும். அதுதான் எனக்கு வேணும் என்று இருந்தது. கீழே ஓடுகிற மெஷின்களை அந்த நேரம் நான் நினைக்கவில்லை. நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஏர்போர்ட் வாசலில் அவள் சீட்டை மடித்து, ஜெபமாலை வைத்திருந்த சின்னப் பையில் பத்திரமாகப் போட்டாள். "நீ எழுதினது இருக்கு, இனிமே என்ன பயம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

வேன் நேரே ஆபீஸுக்கு வந்தது. ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலை முதலாளி போன் போட மணி சரியாக இருக்கணும், அதனால் எப்போதும் சனிக்கிழமை சாயங்காலமே கடிகாரத்தை மாற்றிவிட்டுப் போவது என் வழக்கம். அன்றைக்கும் மாற்றினேன். பழக்கம் பாருங்கள், துரோகம் பண்ணின அன்றைக்கும் கடமை தவறவில்லை. டீ போட்டுக் கொடுத்து ஆபீஸ் கூட்டுகிற சரசாக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏறி ஹாம்பர்க் கடிகாரத்தைக் கழற்றி ஒரு மணி நேரம் முன்னால் வைத்து மாட்டினேன். "ஏஞ்சாமி, இது மட்டும் ஏன் முன்னால ஓடுது?" என்று கேட்டாள். "அந்த ஊருல நாளைக்கு மணிய மாத்தறாங்கக்கா" என்றேன்.

திங்கட்கிழமை முழுக்க ஹாம்பர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்பதாயிற்று. பத்தாயிற்று. எங்கேயோ தெரியாத ஊரில் அவள் சாம்பிள் பையோடு அழுதுகொண்டு நிற்கிற மாதிரி தோன்ற ஆரம்பித்ததும்தான் நான் செய்தது எனக்கே உறைத்தது. போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன், என்னவென்று சொல்வது என்று உட்கார்ந்தேன். அங்கே பதினொன்று ஆனபோது ஃபேக்ஸ் வந்தது. சாம்பிள் சரி, ஆர்டர் உறுதி. முதலாளி கட்டுக்காலோடு நொண்டி வந்து எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவரச் சொன்னார்.

எனக்குப் போன உயிர் வந்தது. அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வந்த உயிரோடு அந்த எரிச்சலும் திரும்பி வந்தது. எப்படி நேரத்துக்குப் போனாள்? அதுதான் எனக்கு அன்று முழுக்கப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். பெட்டியிலிருந்து சாக்லேட் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் டேபிள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கதை சொன்னாள். முதலாளி, சரசாக்கா, கீழேயிருந்து கட்டிங் மாஸ்டர், எல்லோரும் சுற்றி நின்றோம்.

"ஃபிராங்ஃபர்ட்ல எறங்கப்போறப்ப பைலட்டு மைக்குல மணி சொல்லுதாரு. எங்கிட்ட இருக்க மணிக்கும் அதுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். பக்கத்து சீட்டு வெள்ளக்காரர் அவரு வாட்ச்ச மாத்துதாரு. நான் மாத்தவே இல்லியே! எங்க ஆபீஸ் புள்ள எழுதிக் குடுத்துருக்கா, அவ மணி தப்பாச் சொல்ல மாட்டா, ஒங்க பைலட்டுதான் தப்புன்னு அவருகிட்ட சண்டைக்கே போயிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். விமானம் இறங்குமுன் மணி சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. பறந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். உலகத்து மணியெல்லாம் தெரிந்த எனக்கு அது ஒன்று தெரியவில்லை.

"அப்பறம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்குன்னு காப்பி வாங்கிட்டு ஒக்காந்துருக்கேன். போர்டுல பாத்தா ஹாம்பர்க் ஃபிளைட்டு கதவச் சாத்தப்போறான்! அங்க வேல பாக்குற பொம்பள ஒருத்திதான் சொன்னா, இன்னைக்கு விடியக்காலைலதான் நாடே மணிய மாத்துச்சுன்னு. சாம்பிள் பைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுட்டு ஓடுனேன் பாரு. நான் ஏறவும் கதவு சாத்தவும் சரியா இருந்துச்சு." அவள் என் தோளில் கை போட்டாள். "இவ என்ன செய்வா பாவம். நான் கெளம்புன பெறகு அவனுவ மாத்துனா இவளுக்கு எப்படித் தெரியும்?"

சரசாக்காவுக்குப் பொறுக்கவில்லை. என்னை விட்டுக்கொடுக்க மனசில்லை அவளுக்கு. "அதெப்புடி கண்ணு தெரியாமப் போகும்? இவங்களுக்குத் தெரியாத மணியா? நீங்க போன அன்னைக்குச் சாயந்தரமே அந்த ஊருல நாளைக்கு மாத்தறாங்கன்னு சொல்லி, ஸ்டூல் மேல ஏறி மாத்தி வெச்சாங்களே. நானில்ல ஸ்டூலப் புடிச்சுட்டு நின்னேன்" என்றாள், பெருமையாக.

முதலாளிக்குப் போன் வந்து உள்ளே போனார். கட்டிங் மாஸ்டர் இன்னொரு சாக்லேட் எடுத்துக்கொண்டு இறங்கினார். யாருக்கும் எதுவும் தட்டுப்படவில்லை. ஜெசிந்தா மட்டும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ஹாம்பர்க் கடிகாரத்தை, காலண்டரில் சிவப்பு வட்டத்தை, அப்புறம் என்னை. தோளிலிருந்த கையை எடுத்தாள். கோபமாக எடுக்கவில்லை, சூடான பாத்திரத்திலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தாள். டேபிளை விட்டு இறங்கினாள்.



அவள் தன் பேக்கிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் கீபோர்டு மேல் வைத்தாள். "இது ஒங்களுக்குக் கொண்டாந்ததுங்க" என்றாள். எங்கள் ஊர் மரியாதை, அவள் வாயில் முதல் தடவை. அப்புறம் ஆறு மாதம் பக்கத்துப் பக்கத்து டேபிளில் வேலை பார்த்தோம். ஃபைல் கேட்டால் எடுத்துத் தருவாள், பென்சில் கேட்டால் சீவித் தருவாள். கருப்பட்டி டீயும் வந்தது, எனக்கு மட்டும் சரசாக்கா கையால் வந்தது. முதலாளியிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்கணும் என்று தினமும் பஸ்ஸில் வரும்போது வசனம் தயார் பண்ணுவேன், படியேறுவதற்குள் கரைந்துவிடும். ஆறு மாதம் கழித்து அண்ணன் கூப்பிட்டான் என்று குவைத் போய்விட்டாள். வழியனுப்ப என்னைக் கூப்பிடவில்லை. அதன்பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்தக் காகிதத்தை அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். விமானத்தில் சீட்டுக்கு முன்னால் ஒரு புத்தகம் வைத்திருப்பார்களாம். அதன் கடைசியில் உலகப் படம், ஊருக்கு ஊர் வளைந்து வளைந்து கோடுகள். கேட்டு வாங்கிக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் உருண்டையில் நூல் வைத்து அளக்கிறவள், எனக்கு இது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கோயமுத்தூர் அந்தப் படத்தில் இல்லை. அவளே பால்பாயிண்டில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து ஹாம்பர்க்குக்கு ஒரு கோடு இழுத்திருந்தாள். கோட்டின் மேல் சின்னதாக, 'அடுத்த தடவ நீயும் நானும்.' கோடு நடுவில் கொஞ்சம் ஆடியிருந்தது. விமானத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், மணியைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னாலோ பின்னாலோ, எப்போது என்று எனக்குத் தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரர் பெயர் போட்டு பாஸ்போர்ட் எடுத்தேன். அப்பா சொன்ன மாதிரியே. ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகி இரண்டு தடவை புதுப்பித்தாயிற்று. அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. சுவரெல்லாம் டைல்ஸ். ஒரு தடவை சாப்பிடப் போய் ஆணி அடித்திருந்த இடத்தை அண்ணாந்து தேடினேன், சர்வர் பையன் ஃபேன் ஓடவில்லையா என்று கேட்டான். இன்றைக்கு யாரும் என்னிடம் எந்த ஊர் மணியும் கேட்பதில்லை.

போன வாரம் போனைப் பார்த்துக்கொண்டே மகளிடம் சொன்னேன், "எறங்கறதுக்கு முன்னாடி பைலட்டு மணி சொல்லுவாரு கண்ணு. அதக் கேட்டு வாட்ச்ச வெச்சுக்கோ. வேற யாரு எழுதிக் குடுத்தாலும் நம்பாத."

"போன் தானா மாத்திக்கும்மா" என்றாள்.

"சரி. அப்பறம், சீட்டுக்கு முன்னாடி ஒரு புஸ்தகம் இருக்கும். கடைசிப் பக்கத்துல மேப்பு. அத மட்டும் எனக்குக் கிழிச்சுட்டு வந்துரு."

அவள் சிரித்தாள். "இப்பெல்லாம் அந்தப் புஸ்தகமே வெக்கறதில்லம்மா. எல்லாம் எதுக்க இருக்கற ஸ்க்ரீன்லயே வருது. கிழிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."